வால்பக்கத்து எடை

போர்ட் மோர்ஸ்பியை விட்டுக் கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது. மூக்கு ஏறாமல் தாழாமல் விமானத்தை நேராக வைக்கும் சமன் சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்பதை முதலில் விமானி ஆல்வின் பாஸ்கோவின் வலது கைதான் கண்டுபிடித்தது. கண் அதற்குப் பிறகுதான் போய்ப் பார்த்தது. ஒன்பதாயிரம் அடியில், இவ்வளவு சுமையோடு, அந்தச் சக்கரத்தின் முள் எங்கே நிற்கும் என்று அவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். இப்போது முள் இரண்டு விரல் அளவு முன்னால் போயிருந்தது. தள்ளியவனும் அவன்தான். விமானத்தின் மூக்கு மெல்ல மேலே தூக்கிக்கொண்டே இருந்ததால், மனதைக் கேட்காமலே கை அந்த வேலையைச் செய்திருக்கிறது.

மூக்கு தூக்குகிறது என்றால் வால் கனத்துவிட்டது. வால் கனத்துவிட்டது என்றால் யாரோ எழுந்து பின்னால் போயிருக்கிறார்கள்.

"நார்ம் எங்கடா? பின்னால போயிருக்கானா?"

பக்கத்து இருக்கையில் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்த துணை விமானி டெஸ் ஹன்ரஹான் திரும்பிப் பார்த்தான். "இங்கதான் இருக்கான். ரேடியோ முன்னாடி உட்கார்ந்து மூக்க நோண்டிக்கிட்டிருக்கான்."

"என் மூக்கு, நான் நோண்டறேன்," என்று பின்னாலிருந்து நார்ம் டுல்லியின் குரல் வந்தது. "உன் பிஸ்கட்ல கைய வெச்சேனா?"

டெஸ் சிரித்தான். ஆல்வின் சிரிக்கவில்லை. விமானத்தில் இருந்ததே மூன்று பேர். மூன்று பேரும் முன்னால் இருந்தார்கள். பின்னால் இருந்தவை பெட்ரோல் பீப்பாய்கள்; அவற்றைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியதை அவனே நின்று பார்த்திருந்தான்.

"பீப்பா ஏதாச்சும் உருண்டிருக்கும், மாப்ள. போய்ப் பாக்கவா?" என்றான் டெஸ்.

"வேண்டாம். இரு."

ஏன் வேண்டாம் என்றான் என்று அவனுக்கே தெரியவில்லை. சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் மூக்கு ஒரு இழை தாழ்ந்தது. நின்றது. மறுபடி ஒரு இழை தாழ்ந்தது. பின்னால் போனது எதுவோ, அது முன்னால் ஒரு அடி வைத்து, நின்று, இன்னொரு அடி வைத்திருக்கிறது. பீப்பாய் உருண்டால் ஒரே ஓட்டமாக உருளும். நின்று நின்று உருளாது.

டகோட்டா விமானம் ஒரு தராசு. ஓட்டுகிற எல்லாருக்கும் அது தெரியும். ஆல்வினுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த விமானப்படையில் வேறு யாருக்கும் தெரியாது. தென் ஆஸ்திரேலியாவில் வாலரூ பக்கம் ஒரு கோதுமைப் பண்ணையில் பிறந்தவன். பத்தொன்பது வயதில், ஓட்டினால் சண்டை விமானம்தான் ஓட்டுவேன் என்று வந்து நின்றவனை, "உன் கை ரொம்ப மென்மை, நீ மூட்டை சுமக்கத்தான் லாயக்கு" என்று சொல்லி இங்கே அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியவில்லை. சட்டையில் விமானிகளின் இறக்கைச் சின்னம் குத்திய மகனின் படத்தை ஊர்க் கடையின் ஜன்னலில் வைக்கச் சொல்லி, வாரம் ஒரு தடவை தானே போய்த் தூசி தட்டினாள். இப்போது அவனுக்கு இருபத்திரண்டு. நியூகினி மலைத்தொடரை நானூறு முறைக்கு மேல் தாண்டியிருந்தான். பின்னால் யார் நடந்தாலும் திரும்பிப் பார்க்காமல் பேரைச் சொல்வான். நார்ம் நடந்தால் அரை விரல். டெஸ் முக்கால் விரல். இதை வைத்தே பந்தயம் கட்டி எத்தனையோ பேரிடம் பீர் வாங்கிக் குடித்திருக்கிறான்.

இரண்டு விரல் எடைக்கு ஒரே ஒருவன்தான் இருந்தான். வில்ஃப் டாஸ்கர். குவீன்ஸ்லாந்தில் ஆட்டுக்குக் கம்பளி கத்தரித்தவன், மாட்டு உடம்பு, இடது முழங்காலில் பழைய அடி. ஒரு அடி வைப்பான், நிற்பான், மற்ற காலை இழுத்துக்கொள்வான்.

டாஸ்கர் செத்துப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது.

அவன் செத்த அன்று டெஸ் டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்தான். மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் காலாட்படைக்காரர்கள் மூன்று நாளாகச் சாப்பாடில்லாமல் கிடந்தார்கள். அரிசி மூட்டையும் டின் மாட்டிறைச்சியும் மேலிருந்து போட வேண்டும். கதவைக் கழற்றிய வாசலில் நின்று மூட்டைகளைக் காலால் உதைத்துத் தள்ள டாஸ்கரும் கார்ப்பரல் லிண்ட்னரும் இருந்தார்கள். போட்டு முடித்ததும் கார்ப்பரல் தலை எண்ணிப் பார்த்து, "எல்லாரும் உள்ளே!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் வரும்வரை விமானத்தைச் சாய்க்கக் கூடாது. எதிரே மலையே வந்தாலும் கூடாது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

எதிரே மலைதான் வந்தது. மேகத்துக்குள்ளிருந்து, நினைத்ததைவிடப் பக்கத்தில். நேரம் இருந்தது, பத்து வினாடியாவது இருந்தது. ஆனால் ஆல்வின் பயந்துவிட்டான். சாய்த்தான். அந்தக் கணமே வால்பக்கத்திலிருந்து இரண்டு விரல் எடை காணாமல் போனதை அவன் கை உணர்ந்தது. அதற்கப்புறம்தான் லிண்ட்னரின் அலறல் கேட்டது.

"குரல் வந்ததா, பாஸ்கோ?" என்று மேலதிகாரி கேட்டார். காதில் ரேடியோவை மாட்டியிருந்த நார்முக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. "வந்தது, சார்," என்றான் ஆல்வின். இரண்டே வார்த்தை. நாளைக்குப் போய்த் திருத்திவிடலாம் என்று நினைத்தான். மறுநாளும் அப்படியே நினைத்தான். பதின்மூன்று நாளாக நினைத்துக்கொண்டே இருந்தான், பாவி.

இன்று, மலைகளுக்கு அப்பால் நாட்சாப் தளத்தில் இறங்கியதும் முதல் வேலையாகப் பின்னால் போய்ப் பார்த்தான். ஒரு பீப்பாய்கூட அசையவில்லை. கயிறுகள் விண்ணென்று நின்றன. வாசலோரத் தரையில் மட்டும் கொஞ்சம் ஈரம். குனிந்து தொட்டான். கறுப்பாக, பிசுபிசுவென்று, மக்கிய இலையும் பாசியும் அழுகிய அரிசியும் கலந்த நாற்றம். கையைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்த பிறகும் நாற்றம் போகவில்லை.

திரும்பும்போது ஏற்றிப் போக வேண்டியவர்கள் மர நிழலில் கிடத்தப்பட்டிருந்தார்கள். காயம்பட்ட சிப்பாய்கள் பதினான்கு பேர், எல்லாரும் தூக்குக்கட்டிலில். அவர்கள் பக்கத்தில் லிண்ட்னர் நின்றிருந்தான். மருத்துவ உதவியாளன் மலேரியாவில் விழுந்துவிட்டதால் அவனையே துணைக்கு அனுப்புகிறார்களாம். எப்படியும் அவன் மோர்ஸ்பிக்குப் போயாக வேண்டியவன்தான்.

"நாளைக்கு விசாரணை. தெரியுமில்ல, சார்?" என்றான் லிண்ட்னர்.

"தெரியும்."

"என்ன சொல்லப் போறீங்க?"

ஆல்வின் வானத்தைப் பார்த்தான். மலைப்பக்கம் மேகம் ஏறத் தொடங்கியிருந்தது. "அதப் பத்தி மோர்ஸ்பில போய்ப் பேசிக்கலாம். இப்ப இவங்கள ஏத்து."

"மோர்ஸ்பில போய் என்னத்தப் பேசறது? இங்கயே பேசுவோம்." லிண்ட்னர் குரலை உயர்த்தவில்லை. "என் பேரு லிண்ட்னர், சார். உங்க ஊர்ப் பக்கம்தான், பரோஸா. போன சண்டையில ஜெர்மன்காரப் பேருன்னு எங்க ஊருக்கே பேர மாத்துனவங்க இவங்க. என் வாயில வர்றத எவன் நம்புவான்? டாஸ்கர நான்தான் எண்ணாம விட்டேன்னு எழுதிட்டாங்க. எனக்கு ஜெயில். அவன் பொண்டாட்டிக்கு, உன் புருஷன் அஜாக்கிரதையா நின்னான்னு கடுதாசி. நான் குரலே குடுக்கல. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"லிண்ட்னர்..."

"இன்னொருத்தனுக்கும் தெரியும்," என்றான் லிண்ட்னர். திரும்பிப் போய்க் கட்டிலைத் தூக்கினான்.

அந்த இடத்திலேயே, அந்தக் கணத்திலேயே, "ஆமாம்ப்பா, நான்தான்" என்று சொல்லியிருந்தால் என்ன? சொல்ல வாய் வரவில்லை. கடை ஜன்னலில் இருக்கும் படம் நினைவுக்கு வந்தது. அதை எடுத்துவிடுங்கள் என்று அம்மா கடைக்காரரிடம் கேட்பது போலவும் தோன்றியது. ஆல்வின் ஏணியில் ஏறி உள்ளே போனான்.

கட்டில்களை ஏற்றிக் கட்டி முடிக்கப் பதினொன்றேகால் ஆகிவிட்டது. மலைத்தொடரைத் தாண்ட அது கெட்ட நேரம். பத்து மணிக்கு மேல் கணவாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். உச்சிவெயில் நேரத்தில் மேலே விளக்குப் போட வேண்டிய அளவுக்கு மேகம் கறுத்திருக்கும். டெஸ் அதைச் சொல்லவும் செய்தான். ஆனால் பதினான்கு பேரில் நான்கு பேர் நாளைவரை தாங்க மாட்டார்கள் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

எட்டாயிரம் அடியில் மேகத்துக்குள் நுழைந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே பால் நிறம், பிறகு சாம்பல் நிறம், பிறகு நிறமே இல்லை. இறக்கையின் நுனி போய்விட்டது. இரண்டு எஞ்சின்களின் ஒரே சுருதியான முழக்கத்துக்கு அடியில், தகரத்தின் மேல் மழை பொரிகிற ஓசையும், பின்னால் கதவில்லாத வாசலில் கட்டிய வலையை உரசிக்கொண்டு காற்று ஊதுகிற ஊளையும், சிப்பாய்கள் சிலர் மூச்சுக்கு மூச்சு முனகுகிற முனகலும் கேட்டுக்கொண்டே இருந்தன. அயோடினும் சீழும் பெட்ரோலும் கலந்த வாடை முன்பக்கம் வரை வந்தது. அதற்குள்ளே இன்னொரு வாடையும் இருந்தது. மிக மெல்லிசாக. பாசி வாடை.

சக்கரம் அவன் கைக்குள் கனத்தது.

இரண்டு விரல். வால்பக்கம்.

"டெஸ், போய் லிண்ட்னர் எங்க இருக்கான்னு பாரு. எழுந்து நடக்கறான் போல."

டெஸ் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் போனான். அவன் போவது கையில் தெரிந்தது. முக்கால் விரல், பழகின நடை, கடைசிவரை போய் நின்றது. அந்த இரண்டு விரல் எடையும் அங்கேயேதான் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில். டெஸ்ஸுக்குத் தெரியுமா அது, அவனை உரசிக்கொண்டு நிற்கிறதென்று? வா, டெஸ். சீக்கிரம் வா.

டெஸ் திரும்பி வந்து உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"லிண்ட்னர் வாசல்கிட்ட உட்கார்ந்திருக்கான். பெல்ட்டெல்லாம் போட்டுத்தான் இருக்கான். ஒருத்தரும் எழுந்திருக்கல."

"அப்புறம் ஏன்டா இப்படி இருக்க?"

"கண்ணுல கட்டுப் போட்டவன் ஒருத்தன் இருக்கானில்ல... அவன் என் கையப் புடிச்சிக்கிட்டான். 'அந்தப் பெரிய ஆள அந்தண்ட போகச் சொல்லுங்க, என் மேல தண்ணி சொட்டுது'ன்னான்." டெஸ் எச்சிலை விழுங்கினான். "அவன் போர்வை நனைஞ்சிருந்துச்சு, மாப்ள. மழை அங்க வராது."

மூக்கு ஒரு இழை தாழ்ந்தது. நின்றது. ஆல்வின் சக்கரத்தைத் தன் பக்கம் இழுத்தான். மறுபடி ஒரு இழை. அடி வைப்பு. நிற்பு. இழுப்பு. காலையில் ஆளில்லாத பின்பக்கத்தில் நடந்து பழகியது, இப்போது கட்டில்களுக்கு நடுவே வழி விலக்கிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு கட்டிலைத் தாண்டும்போதும் அந்தக் கட்டிலின் முனகல் நின்றுபோனது. அவன் எண்ண ஆரம்பித்தான். நான்கு முனகல் இருந்தது. மூன்று. இரண்டு.

ஒன்று.

இப்போது எஞ்சின் சத்தம் மட்டும்.

"ஏய், யாருய்யா மேல தண்ணிய ஊத்தறது?" என்றான் நார்ம். பிறகு அவன் ஒன்றும் பேசவில்லை.

எடை, ஆல்வினின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. முள் அதைத்தான் சொன்னது. பிடரியில் ஈரக் காற்று. அழுகிய அரிசி வாடை. திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. டெஸ் நேராக முன்னால் பார்த்தபடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான், ஜபம் போல.

எதற்காக வந்திருக்கிறது என்று ஆல்வினுக்கு நன்றாகத் தெரிந்தது. அது எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. மேலதிகாரி கேட்ட அதே கேள்விதான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தான். பயம். பயத்துக்கும் அடியில், வெட்கம். டெஸ் கேட்பானே. நார்ம் கேட்பானே. ஊர் முழுக்கக் கேட்குமே.

"அவன் குரல் கொடுத்தான்," என்றான். "என் காதுல விழுந்துச்சு."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு எடை திரும்பிப் போக ஆரம்பித்தது. மூக்கு மெல்ல மெல்லத் தூக்கியது. அடி, நிற்பு, இழுப்பு. கடைசிவரை போயிற்று. வாசல்வரை. ஆல்வின் மூச்சு விட்டான். போய்விட்டது. அட கடவுளே, போயே போய்விட்டது.

சட்டென்று வால் தூக்கியது. மூக்கு தாழ்ந்தது. ஒரு விரல் அளவு.

கை கணக்குப் போட்டுவிட்டது. ஒரு விரல், வாசலோரம். லிண்ட்னர். அலறல் கேட்கவில்லை. வலை அறுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. விமானத்தில் ஒரு ஆள் எடை குறைந்திருந்தது, அவ்வளவுதான். அப்போது ஆல்வினின் நெஞ்சுக்குள் முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. நாளைக்கு விசாரணையில் எதிர்த்துப் பேச ஆள் இல்லை. அந்த நிம்மதியை அவனே பார்த்துவிட்டான். பார்த்ததும் உடம்பு கூசிப்போயிற்று.

மறுபடி மூக்கு தூக்கியது. மெல்ல. யாரோ நடுவிலிருந்து வாசலை நோக்கிப் போகிறார்கள். இலேசான எடை, தடுமாறுகிற நடை. படுத்த படுக்கையாகக் கிடந்த ஆள் எழுந்து நடப்பது போல.

வாசல். நிற்பு.

வால் தூக்கியது.

"டெஸ்! பின்னால போ! அவங்களப் புடி!"

டெஸ் அசையவில்லை.

இரண்டாவது கட்டில். மூன்றாவது. எஞ்சின் முழக்கம் மாறவே இல்லை. மூக்கு தூக்கும், தாழும். தூக்கும், தாழும். சக்கரத்தைத் தள்ளினான், இழுத்தான். தள்ளினான், இழுத்தான். கைப்பிடியை விட்டால் விமானம் போய்விடும். விடாவிட்டால் அவர்கள் போகிறார்கள். ஏழு. எட்டு. காலில்லாதவன் ஒருவன் இருந்தானே, அவன் எப்படி நடக்கிறான்? ஒன்பது. விமானம் இலேசாகிக்கொண்டே வந்தது. பதினொன்று. பன்னிரண்டு.

பதினான்கு.

அரை விரல் எடை எழுந்தது. "நார்ம்! உட்காருடா! நார்ம்!"

நடை. வாசல்.

வால் தூக்கியது.

பக்கத்தில் கிளிக் என்று ஒரு சத்தம். டெஸ் பெல்ட்டைக் கழற்றியிருந்தான். கண் திறந்திருந்தது, தூக்கத்தில் எழுந்தவன் போல இருந்தான்.

"போகாதடா," என்றான் ஆல்வின். அழுதுவிட்டான். ஒரு கையால் டெஸ்ஸின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "நான்தான்டா! லிண்ட்னர் குரலே குடுக்கல. நான் பயந்துட்டேன், டெஸ். நான்தான் சாய்ச்சேன். நான்தான் டாஸ்கரக் கொன்னேன். கேக்குதா? சொல்லிட்டேன்டா! சொல்லிட்டேன்!"

டெஸ் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். அன்பாகத்தான் எடுத்தான்.

"தலை எண்ணணுமாம், மாப்ள," என்றான். "கூப்பிடறாங்க."

முக்கால் விரல். பழகின நடை.

வாசல்.

ஆல்வின் கத்தினான். என்ன கத்தினான் என்று அவனுக்கே கேட்கவில்லை. உண்மையைத்தான் கத்தினான், திரும்பத் திரும்ப. கேட்பதற்கு உள்ளே ஒருவரும் இல்லை. தைரியத்தையெல்லாம் திரட்டி ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பதினான்கு கட்டில்கள். போர்வைகள் மார்பு வரை இழுத்துவிட்டபடியே இருந்தன. வார்கள் எல்லாம் பூட்டியபடியே இருந்தன. ஆட்கள் இல்லை.

முன்பக்கம் திரும்பினான். மூக்கு தாழ்ந்துகொண்டிருந்தது. வால்பக்கம் எடையே கிடையாது. சக்கரத்தைக் கடைசிவரை தன் பக்கம் சுற்றிவிட்டான், இனிச் சுற்ற இடமில்லை. கைப்பிடியை மார்போடு இழுத்தான். இரண்டு கையாலும் இழுத்தான்.

மேகம் கிழிந்தது.

மலைச் சரிவு. பச்சை. பாசி தொங்கும் மரங்கள், நனைந்து கறுத்த அடிமரங்கள், ஒவ்வொரு இலையும் தெரிகிற அளவுக்குப் பக்கத்தில். மரங்களுக்கு நடுவே அவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கட்டுப் போட்டவர்கள், காலில்லாதவர்கள், நார்ம், லிண்ட்னர், டெஸ். எல்லாரும் நிமிர்ந்து, வருகிற விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசைக்கு முன்னால் டாஸ்கர் காலை இழுத்து இழுத்து நடந்தபடி, விரல் நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு வந்தான். லிண்ட்னர் வரை எண்ணினான். அங்கே நின்றான். லிண்ட்னருக்கும் டெஸ்ஸுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.